இரண்டு வேலூர்கள்

தமிழ்நாட்டில் வேலூர் என்ற பெயரில் பிரசித்தமான ஊர்கள் இரண்டு. வடக்கே இருப்பது கோட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேர்போனது. காவிரிக் கரையில் இருக்கும் எங்கள் வேலூருக்கு வாழைத்தாரும் வெற்றிலையும் பெருமை. குழப்பம் வராமலிருக்கப் பக்கத்துப் பரமத்தியையும் சேர்த்துப் பரமத்தி வேலூர் என்கிறோம். பெயரைத் தவிர இரண்டு ஊர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஆனால் ஒரு வியாதியின் சரித்திரம் இரண்டையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்த வேலூரில் அது கண்டுபிடிக்கப்பட்டது. இந்த வேலூரைச் சுற்றியுள்ள சீமையில் அது வந்து தங்கிற்று.

எய்ட்ஸைப் பற்றித்தான் சொல்கிறேன். பெயரைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தச் சரித்திரம் முழுவதும் அப்படிப் புரட்டியதால் வந்த வினைதான்.

1985-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தார் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள் என்றார் அவருடைய ஆசிரியை சுனிதி சாலமன். மேல்நாட்டு வியாதி நம்மை அண்டாது என்று படித்தவர்களே பேசிய காலம் அது. விபசார வழக்கில் பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் சுமார் 80 பேரின் இரத்தத்தைச் சேகரித்தார் நிர்மலா. சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில், ஐஸ் பெட்டியில் குப்பிகளை வைத்துக்கொண்டு கணவருடன் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். ஆறு குப்பிகளில் நிறம் மாறிற்று. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி அதுவே. அமெரிக்காவிலும் மறுபடி சோதித்து உறுதி செய்தபின், மே மாதம் சட்டசபையில் சுகாதார அமைச்சர் ஹண்டே செய்தியை அறிவித்தார்.

மெச்சத்தக்க காரியம்தான். ஆனாலும் ஒரு விவரம் என்னை விடுவதாயில்லை. எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அன்றைய வழக்கம் அப்படி. இந்தச் சரித்திரத்தில், அறிய வேண்டியவருக்குச் சொல்லாமல் விட்ட முதல் சம்பவம் அது. கடைசிச் சம்பவம் ஆகியிருக்கக் கூடாதா?

கிருமி எங்கள் சீமைக்கு எப்படி வந்தது? காவிரியும் வாய்க்காலும் நனைக்கும் கரையோரத்தைத் தாண்டினால் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கமெல்லாம் மேட்டுக்காடு. மழையை நம்பிப் பிழைக்க முடியாத குடியானவர்கள் லாரியை நம்பினார்கள். ஒருவன் ஓட்டினான், ஒருவன் பாடி கட்டினான், ஒருவன் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடதேசம் போனான். காசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த பழைய ஏழாம் எண் சாலை எங்கள் ஊர்ப் பாலத்தின் வழியேதான் காவிரியைக் கடந்தது. அந்தச் சாலை சோறு போட்டது. மாதக்கணக்கில் புருஷனை வீட்டைவிட்டுப் பிரித்தும் வைத்தது.

ஹெச்.ஐ.வி. காற்றிலே வராது, ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்தால் வராது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், பிறர் போட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு: இவையே அதன் வழிகள். உடம்பில் புகுந்தபின் பல ஆண்டுகள் ஓர் அடையாளமும் காட்டாது. ஆகையால் வண்டியிலிருந்து இறங்கி வந்தவனுக்கும் தெரியாது. வாசலில் காத்திருந்தவளுக்கும் தெரியாது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம், பிறந்த சில வருஷங்களிலேயே, தேசத்தில் இந்த வியாதி மிகுந்த மாவட்டங்களின் வரிசையில் எண்ணப்பட்டது.

தடுக்கச் சாதனம் இல்லையா? இருந்தது, வெகு காலமாக. 1882-லேயே சென்னையில் சிலர் மால்தூசியன் சங்கம் வைத்துக் கர்ப்பத்தடையைப் பேசினார்கள். 'தத்துவ விவேசினி' என்ற தமிழ்ப் பத்திரிகை அந்தக் கருத்துக்களை அச்சிட்டது. 1930-இல் 'குடி அரசு' பத்திரிகையில் பெரியார் ஒருபடி மேலே போனார். தேசத்தின் வறுமை தீரக் கர்ப்பத்தடை வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். பெண்ணின் விடுதலைக்கு வேண்டும் என்றார் அவர். 1968-இல் சர்க்காரே நிரோத் ஆணுறையைக் கடைக்குக் கொண்டுவந்தது. மூன்றுக்கு விலை 15 பைசா. டீத்தூள் விற்ற கம்பெனிகள் அதையும் சேர்த்து விற்றன. முதலில் அதற்கு மன்மதனை நினைத்துக் 'காமராஜ்' என்று பெயரிட யோசித்தார்களாம். அப்போது காங்கிரஸ் தலைவர் யார் என்று ஞாபகம் வரவே பெயரை மாற்றினார்கள் என்பது விளம்பரத் துறையில் வழங்கும் கதை.

ஆக, வியாதி கண்டுபிடிக்கப்படுவதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பே கவசம் கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அது குழந்தை பிறக்காமலிருக்க என்று மட்டுமே ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. தமிழ்நாட்டிலோ குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண்களுக்குச் செய்யும் ஆபரேஷன் என்றே வழக்கமாயிற்று. இரண்டு பிள்ளை பெற்று ஆபரேஷன் செய்துகொண்டவள் வீட்டில் உறைக்கு என்ன வேலை? பிள்ளைப் பயம் தீர்ந்தது, பேச்சும் தீர்ந்தது. அந்த ஆபரேஷன் வியாதியைத் தடுக்காது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

பிறகு சொல்லத் தொடங்கினார்கள். 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்பட்டது. 1995-இல் அடையாற்றிலுள்ள வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் தொடங்கிய திட்டத்தில் தொண்டர்கள் லாரிகள் நிற்கும் இடங்களுக்கே போய்ப் பேசினார்கள். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவர்கள் கேட்டன. சிலர் சிரித்தார்கள், சிலர் கோபித்தார்கள், பேசாதவர் இல்லை. அதைவிடத் துணிவான காரியத்தை எங்கள் நாமக்கல் சீமைப் பெண் ஒருவர் செய்தார். 1995-இல் மணமாகி, சில வாரங்களிலேயே தமக்குக் கிருமி இருப்பதை அறிந்தவர் கௌசல்யா பெரியசாமி. வீட்டு மூலையில் முடங்காமல் தம் பெயரையும் முகத்தையும் வெளியில் காட்டிப் பேசினார். 1998-இல் தம்மைப் போன்ற பெண்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார். குற்றம் பெண்ணுடையது என்று சொல்லிப் பழகிய நாக்குகளுக்கு அவர் ஒரு பதில்.

பேச்சுக்குப் பலன் உண்டா? 2001-இல் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடையே கிருமியுள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவரைச் சற்றுத் தாண்டியிருந்தார்கள். பின்னர் அது கால் விழுக்காட்டளவுக்கு இறங்கிற்று. 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் மருந்தை இலவசமாகக் கொடுத்தது. தாம்பரம் ஆஸ்பத்திரி அதன் ஆரம்ப நிலையங்களில் ஒன்று. மருந்தில்லாவிட்டால் கிருமியுள்ள தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்றும்; ஒழுங்காகச் சிகிச்சை பெற்றால் 5-க்கும் கீழே இறங்கும். மருந்தால் இரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவில் அது தொற்றுவதே இல்லை. பாதிக்கப்பட்டவரை வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக் கூடாது என்று 2017-இல் சட்டமும் வந்தது.

ஆனால் பள்ளிக்கூடத்தின் கதவு மட்டும் அரைகுறையாகவே திறந்தது. வளரிளம் பருவக் கல்வி என்று மத்திய சர்க்கார் பாடம் வகுத்தபோது, 2007-இல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் கலாசாரத்தின் பெயரால் அதைத் தடுத்தன. எங்கள் ஊர்ப் பக்கம், மாடு சினைப்பட்டதா என்று பெரியவர்கள் நடுத்தெருவில் நின்று உரக்க விசாரிப்பார்கள். காளை எது, எந்த நாளில் சேர்த்தது, கன்று எப்போது விழும் என்று குழந்தைகளை வைத்துக்கொண்டே கணக்குப் போடுவார்கள். அதனால் எந்தக் கலாசாரமும் கெட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் பெற்ற பெண், தன் உடம்பைப் பற்றிக் கேட்டால்தான் கெட்டுவிடுகிறதாம்!

காப்பகத்துப் பெண்களுக்கு ஊசியைப் பற்றிச் சொல்லவில்லை. லாரிக்காரன் மனைவிக்கு உறையைப் பற்றிச் சொல்லவில்லை. இன்று மருந்து இருக்கிறது, சோதனை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. பதினாலு வயதுப் பிள்ளைக்கு வகுப்பறையில் நேராகச் சொல்ல இன்னும் நமக்கு வாய் வர வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அவன் கையிலுள்ள கைபேசி சொல்லும். அது எதைச் சொல்லும் என்பதைப் பெற்றவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.