பாத்தியில் எஞ்சும் கசப்பு நீர்

புத்தளம் களப்பை அண்டிய உப்பளங்களின் வரலாறு பெரும்பாலும் ஆட்சியாளரின் கணக்கேடுகளிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. 1667 இல் கட்டத் தொடங்கி 1676 இல் முடித்த கற்பிட்டிக் கோட்டையைக் கொண்டு களப்பின் வாயிலை ஒல்லாந்தர் காவல் செய்ததும், 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி இராச்சியம் தன் கரையோரம் முழுவதையும் இழந்து உப்புக்குக்கூட அவர்களை எதிர்பார்த்திருக்க நேர்ந்ததும், பின்னர் ஆங்கிலேயர் உப்பு விற்பனையைத் தமது தனியுரிமையாக்கி வருவாய் ஈட்டியதும் அந்த ஏடுகளில் விரிவாகவே இடம்பெற்றுள்ளன. ஆனால் அவை அனைத்தும் எடைபோட்டு விற்கத்தக்க வெள்ளை உப்பு ஒன்றையே கணக்கில் கொண்டன; அந்த உப்பை வாரிய பின்னர் பாத்தியில் எஞ்சிய நீர் எந்த ஏட்டிலும் வரவாக எழுதப்படவில்லை. உயிரியலின் பக்கமிருந்து நோக்கும்போது, அந்த நீருக்கும் வரலாற்றில் உரிய இடம் தரப்பட வேண்டும்.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன; அவற்றுள் சோடியம் 10.8 கிராம் அளவிலும், மகனீசியம் 1.3 கிராம் அளவிலும், பொற்றாசியம் 0.4 கிராம் அளவிலும் இருக்கின்றன. களப்பு நீரைப் பாத்திகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ச்சி வெயிலிலும் காற்றிலும் வற்றவிடும்போது இவை எல்லாம் ஒருசேரப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புப் பொருளும், அடுத்து ஜிப்சமும் பிரிந்து அடியில் தங்க, நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானியில் 25 பாகை அளவை எட்டும்போதுதான் கறியுப்பாகிய சோடியம் குளோரைட்டு பளிங்காகத் தொடங்குகிறது. ஏறத்தாழ 30 பாகையை நெருங்கும்போது நீர் எண்ணெய் போல வழுவழுப்பாகி, நாவில் வைக்க இயலாத கசப்பைப் பெறுகிறது. மகனீசியத்தின் குளோரைட்டும் சல்பேற்றும் அதில் திரண்டிருப்பதே காரணம். உப்புத் தொழிலில் இக்கசப்பு நீர் பகையாகவே கருதப்பட்டது. அதன் ஈரம் ஒட்டிய உப்பு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சிக் கசிந்துவிடும் என்பதால், வாரிய உப்பைக் குவியலாக்கி, கிடுகு வேய்ந்து மூடி, கசப்பு நீர் அடிவழியே வடிந்துபோகும்வரை காத்திருந்தார்கள்.

வடியவிடப்பட்ட அந்த மகனீசியம், உயிருள்ள கலம் ஒவ்வொன்றிலும் புரத உற்பத்தியின் முதற்படியிலேயே தேவைப்படும் பொருள் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தெளிவாயிற்று. பொஸ்ரன் நகரின் மசாசுசெற்ஸ் பொது மருத்துவமனையில் போல் சமெக்னிக்குடன் பணியாற்றிய மாலன் ஹோக்லண்ட், அமினோ அமிலங்கள் புரதமாகக் கோக்கப்படுமுன் அவற்றைச் செயலூக்கும் நொதியங்கள் உள்ளன என்பதை 1955 இல் காட்டினார். நொதியம் என்பது, தான் செலவழியாமல் ஒரு வேதித் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள். அதனோடு சேர்ந்து அதன் செயலை முடுக்கும் சிறு அயன் அல்லது மூலக்கூறு ஏவி எனப்படும். ஹோக்லண்ட் கண்ட நொதியங்கள், கலத்தின் ஆற்றலைத் தாங்கும் ஏ.ரி.பி. என்ற மூலக்கூற்றைக் கொண்டே வேலை செய்கின்றன. அம்மூலக்கூற்றின் பொசுபேற்றுத் தொகுதிகள் எதிரேற்றம் கொண்டவை ஆதலால், நேரேற்றமுள்ள மகனீசிய அயன் அவற்றைப் பற்றி, நொதியத்தின் பிடிக்கு ஏற்ற நிலையில் நிறுத்துகிறது. மகனீசியத்தை அகற்றினால் நொதியமும் அமினோ அமிலமும் ஏ.ரி.பி.யும் ஒரே குழாயில் இருந்தாலும் தாக்கம் நின்றுபோகும்.

அமினோ அமிலங்கள் உண்மையில் கோக்கப்படும் இடமாகிய இறைபோசோமும் இந்த அயனையே சார்ந்துள்ளது. பற்றீரியாவின் இறைபோசோம் பெரியதும் சிறியதுமான இரு துணையலகுகளால் ஆனது. கரைசலில் மகனீசியம் குறைந்தால் அவை பிரிந்துவிடுவதையும், கூடினால் மீண்டும் இணைவதையும் அல்பிரட் ரிசியேயும் ஜேம்ஸ் வாட்சனும் 1958 இல் வெளியிட்டனர். இதைவிட வியப்பானது 1961 இல் மார்ஷல் நிரன்பேர்க்கும் ஹைன்ரிக் மத்தாயும் செய்த சோதனை. ஒரே எழுத்துத் திரும்பத் திரும்ப வரும் செயற்கை ஆர்.என்.ஏ. இழையைக் கலச்சாற்றில் இட்டு, ஒரே அமினோ அமிலத்தாலான புரதத்தை அவர்கள் பெற்றார்கள். மரபுக் குறியீட்டின் முதற்சொல் அவ்வாறே படிக்கப்பட்டது. அந்த இழையில் புரதக் கோவையை எங்கே தொடங்குவது என்ற குறி இல்லை. ஆயினும் கலவையில் மகனீசியம் மிகுந்திருந்ததால் இறைபோசோம் அக்குறியின்றியே தொடங்கிவிட்டது. இயல்பான அளவில் அது இருந்திருப்பின் அச்சோதனை பெரும்பாலும் தோற்றிருக்கும். மிகுதியான மகனீசியத்துக்கு மறுபக்கமும் உண்டு: குறியீட்டைப் பிழையாகப் படிக்கும் போக்கை அது வளர்க்கிறது. ஏவி என்பதும் அளவுக்குள் நிற்கும்போதே ஏவியாகும்.

உப்பளத்தின் கடைசிப் பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாகவோ செந்நிறமாகவோ மாறுவது உலகெங்கும் வெயிலுப்பு விளையும் கரைகளில் காணப்படும் இயல்பு. அந்நிறத்தைத் தருவன, டுனாலியெல்லா என்ற நுண்பாசியும், ஆர்க்கியா என்ற பிரிவைச் சேர்ந்த உப்புநாட்ட நுண்ணுயிர்களும் ஆகும். வெளியிலுள்ள செறிந்த உப்பு தம் உடல் நீரை உறிஞ்சிவிடாதிருக்க, இந்த ஆர்க்கியாக்கள் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு, கடலில் அருகலாகவே உள்ள பொற்றாசியத்தைத் தேடிச் சேர்த்து, கலத்தின் உள்ளேயும் வெளியளவுக்கு ஈடாக நிரப்பிக்கொள்கின்றன. ஆதலால் பிற உயிர்களின் நொதியங்களைச் செயலிழக்கச் செய்யும் உப்புச் செறிவு இவற்றின் நொதியங்களுக்கு இன்றியமையாத ஏவியாகிறது. 1968 இல் பெய்லியும் கிரிஃபித்சும் இவ்வகை உயிரின் கலச்சாற்றில் புரதம் ஆக்க முயன்றபோது, பொற்றாசியம் குளோரைட்டை மிகச் செறிவாக இட்ட பின்னரே அது நிகழ்ந்தது.

இந்த உப்பு உறுதியே இறைபோசோமின் வடிவத்தைக் கண்ணுக்குக் கொண்டுவந்தது. சாக்கடலின் பெயர் தாங்கிய ஹாலோஆர்க்குலா மாரிஸ்மோர்துயி என்ற ஆர்க்கியாவின் இறைபோசோமை இசுரவேலின் அடா யோனத் பளிங்காக்க வழிகண்டார். அதே உயிரின் பெரிய துணையலகை அமெரிக்காவின் தோமஸ் ஸ்ரைற்சும் பீற்றர் மூரும் குழுவினரும் 2000 இல் 2.4 அங்ஸ்ரொம் நுணுக்கத்தில் வரைந்தனர். அமினோ அமிலங்கள் பிணையும் மையத்தில் புரதம் ஏதும் இல்லை, ஆர்.என்.ஏ. மட்டுமே உள்ளது என்பதை அது காட்டியது. புரதம் ஆக்கும் நொதியம் தானே புரதம் அன்று என்ற முடிவு அங்கே உறுதிப்பட்டது. அதே ஆண்டில் சிறிய துணையலகை, வெந்நீரில் வாழும் ஒரு பற்றீரியாவிலிருந்து, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் விளக்கினார். 2009 ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு யோனத், ஸ்ரைற்ஸ், இராமகிருஷ்ணன் மூவருக்கும் பகிரப்பட்டது. பெரிய துணையலகின் வரைபடத்தைப் பின்னர் நுணுகி ஆராய்ந்தபோது, ஆர்.என்.ஏ. மடிப்புகளுக்கு இடையே அவற்றைப் பிணைத்து நிற்கும் மகனீசிய அயன்கள் நூற்றுக்கும் மேலாக இடம் குறிக்கப்பட்டன.