உக்கிய மரத்துக்குள் ஒரு பழைய குடும்பம்

விடுமுறைக்கு இலங்கை போகும் நம்மில் பலர் கண்டி தலதா மாளிகையைப் பார்த்திருப்போம். அதற்குப் பின்னால் உடவத்தகலே என்று ஒரு காடு இருக்கிறது. 1955-இல் எட்வர்ட் வில்சன் என்ற அமெரிக்க இளைஞர் அங்கே ஓர் எறும்பைத் தேடித் திரிந்தார்.

கதை 1892-இல் தொடங்குகிறது. சிலந்திகளை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் யூஜின் சிமோன் அந்த ஜனவரி, பெப்ரவரியில் இலங்கைக்கு வந்து சிற்றுயிர்களைச் சேகரித்தார். அவற்றில் இருந்த ஒரு சின்ன மஞ்சள் எறும்பை இத்தாலிய அறிஞர் கார்லோ எமெரி 1893-இல் விவரித்து, அனூரெட்டஸ் சிமோனி என்று பெயர் வைத்தார். பிறகு அறுபது வருடமாக அதன் வாழ்க்கை பற்றி மிகக் கொஞ்சமே தெரிந்திருந்தது.

ஒரு எறும்புக்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? அதன் துணைக்குடும்பத்தில் மற்ற எல்லா இனங்களும் அழிந்துவிட்டன. ஐரோப்பாவின் பால்டிக் அம்பரிலும், அமெரிக்காவின் கொலராடோ பாறைகளிலும் கோடிக்கணக்கான வருடப் பழமையான புதைபடிவங்களாக மட்டுமே அவை கிடைக்கின்றன. உயிரோடு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான், அதுவும் இலங்கையில் மட்டும். இதற்கு மிக நெருங்கிய எறும்புக் கூட்டம் கொட்டும் கொடுக்கை இழந்துவிட்டது. இதனிடம் அது இன்னும் இருக்கிறது.

கண்டியில் வில்சனுக்கு ஏமாற்றம். இரத்தினபுரிப் பக்கம் போன பிறகுதான் கண்டுபிடித்தார். 1956-இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, எறும்புகளின் பரிணாமத்தில் இது ஒரு முக்கிய இணைப்பு என்று சொன்னது. 1985-இல் ஜயசூரிய, ட்ரானியெல்லோ இருவரும் கிலிமலே காட்டில் கிடைத்த கூட்டங்களைப் பற்றி எழுதினார்கள். 1996-இல் அது மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் சிங்கராஜா போன்ற வேறு காடுகளிலும் காணப்பட்டது ஓர் ஆறுதல்.

என் தொழிலில் பேக்கப் இல்லாத ஒரே பிரதி என்றால் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். இந்த எறும்பும் அப்படித்தான். அது கூடு கட்டுவது காட்டுத் தரையில் உக்கிக் கிடக்கும் மரத்திலும் குச்சிகளிலும். தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் பெரும்பகுதியை ஏற்கெனவே தேயிலைக்கும் ரப்பருக்கும் வெட்டிவிட்டார்கள். மீதிக் காட்டில் உக்கிய கட்டையைக் குப்பை என்று அள்ளினால், அதோடு ஒரு கூடே போய்விடலாம்.

அடுத்த முறை அந்தப் பக்கக் காட்டுக்குப் போனால், விழுந்து கிடக்கும் மரத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.