மன்னார்க் கரையில் மாதர் சங்கங்கள்

மன்னார் என்றதும் முத்துக் குளிப்பே பலரின் நினைவிற்கு வருகின்றது. முத்துச் சலாபங்கள் மறைந்து நெடுங்காலமாயிற்று. பேசாலை, வங்காலை, தலைமன்னார் முதலிய கரையூர்களில் அடுப்பை அணையாது காத்தவற்றுள் கருவாடும் பனையோலைப் பின்னலும் அடங்கும். அவ்விரண்டிலும் பெண்களின் உழைப்பு மிகுதி.

மீன் மலிந்த நாளில் வாங்கி, உப்பிட்டு உலர்த்தி வைத்தால், விலை ஏறும்போது விற்கலாம். ஆனால் வாங்குவதற்குக் கையில் முதல் வேண்டுமே! முதலில்லாதவள் வியாபாரியிடம் முற்பணம் பெறுவாள்; பெற்றபின் அவன் சொன்ன விலைக்கே சரக்கைக் கொடுப்பாள். உழைப்பு ஒருத்தியுடையது, ஊதியம் மற்றொருவனுடையது.

இதற்குப் பெண்கள் தாமே கண்ட மாற்று சீட்டு. பதின்மர் கூடி மாதந்தோறும் ஆளுக்கு 1,000 ரூபா இட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருத்தியின் கையில் 10,000 ரூபா ஒருமிக்கச் சேரும். எழுத்துமில்லை, முத்திரையுமில்லை, அயல்வீட்டாளின் நாணயமே பிணை.

1911 இல் இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பார் உழவர்க்கு வகுத்த முறையைத் தழுவி ஐக்கிய நாணய சங்கங்கள் எழுந்தன. பெண்களுக்கெனத் தனிச் சங்கம் வேண்டுமென்று முனைந்தவர், கனடாவிற் பிறந்து இலங்கைத் தமிழரை மணந்த மருத்துவர் மேரி இரத்தினம். 1930 இல் அவர் தொடங்கிய இலங்கை மகிளா சமித்தி கிராமப் பெண்களைக் கூட்டிச் சுகாதாரமும் கைப்பணியும் பயிற்றியது. பின்னர் ஊர்தோறும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் தோன்றின. பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்திற் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியது 1989 இலேதான்.

போர் இவ்வேற்பாடுகளின் அடிப்படையையே குலைத்தது. சீட்டுக்குப் பிணை அயல்வீடு. அயல்வீடே இல்லாது போனால் என்செய்வது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலிருந்து குடும்பங்கள் கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்றன. தமிழ்க் குடும்பங்கள் பல இராமேசுவரத்தை நாடின. இந்நிலையில் மன்னார் மாதர் அபிவிருத்தி ஒன்றியம் தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஓரமைப்பில் இணைத்தது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான சிறீன் சரூர் அவர்களும் அவ்வெளியேற்றத்தில் ஊரிழந்தவர். பிரிக்கப்பட்ட இரு சமூகத்துப் பெண்களும் ஒரே அமைப்பில் அமர்ந்தமை, சிறுகடன் கொடுத்ததினும் பெரிய செயலென்றே கொள்ளவேண்டும்.

2009 இற் போர் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் வடக்கிற் பெருகின. அவையும் பெண்களைக் குழுவாகச் சேர்த்தன. ஒருத்தி தவணை தவறினால் மற்றையோர் பொறுப்பாயினர். வெளித்தோற்றத்திற் சங்கம் போலவே இருந்தது. வேறுபாடு வட்டியின் போக்கில் இருந்தது. சங்கத்தில் உறுப்பினர் செலுத்தும் வட்டி அவர்களது பொது நிதியிலேயே சேர்கின்றது. நிறுவனத்திற்குச் செலுத்தும் வட்டி ஊரைவிட்டு அகல்கின்றது. சங்கத்திற் பிணையாய் நின்ற அயலாள், இங்கே கடன் தண்டுவதற்குக் கருவியானாள்.

கடற்றொழிலுக்கு ஓய்வு உண்டு. வாரத் தவணைக்கு ஓய்வில்லை. ஒரு கடனை அடைக்க மறுகடன் வாங்கிய குடும்பங்கள் பல. 2018 இல் அரசாங்கம் வறட்சியுற்ற 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, 1 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அவ்வாண்டின் இறுதியில் மத்திய வங்கி நுண்கடனுக்கு உச்ச வட்டியும் விதித்தது. கட்டுப்படுத்தி வைத்த அந்த உச்சமே ஆண்டுக்கு 35 வீதம். கட்டுப்பாடற்றிருந்த காலத்து நிலையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.