பழப்புளியில் கழுவிய சேது நாணயம்

பழைய நாணயமென்றால் பெருவிலை போகும் என்ற நம்பிக்கை நம்மவரிடம் ஆழ வேரூன்றியுள்ளது. அது பிழை. 1197 இற்கும் 1212 இற்கும் இடையில் மும்முறை பொலன்னறுவையின் அரியணை ஏறிய லீலாவதியின் செப்புக் காசுகள் எண்ணூறு ஆண்டு கடந்தவை. ஆயினும் ஏராளமாகக் கிடைத்தமையால் சாதாரண சேகரிப்பாளரும் அவற்றை வாங்கிவிடலாம். மறுபுறம், அமெரிக்கா 1933 இல் வார்த்த இருபது டொலர் பொற்காசுகள் 445,500. தங்கக் காசுப் புழக்கம் நிறுத்தப்பட்டதால் அவை உருக்கப்பட்டன. தப்பியவற்றுள் தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஒரேயொரு காசு 2021 இல் ஏறத்தாழ 18.9 மில்லியன் டொலருக்கு ஏலம்போனது. எத்தனை வார்த்தார்கள் என்பதன்று, எத்தனை எஞ்சின என்பதே அருமையைத் தீர்மானிக்கிறது. தேடுவோர் இல்லையேல் அந்த அருமைக்கும் விலையில்லை.

அடுத்தது நிலை. வில்லியம் ஷெல்டன் என்பார் 1949 இல் அமெரிக்கச் செப்புச் சதங்களுக்கு 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்ன காசெனக் காணுமளவுக்கு மட்டுமே எஞ்சியது 1, குறையற்றது 70. பின்னது முன்னதைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. சந்தை அக்கணக்கைக் கைவிட்டது. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன.

இதையெல்லாம் நான் அறியாத வயதில், வீட்டிலிருந்த செப்புக் காசொன்றைப் பழப்புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். பெருமையுடன் காட்டியபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, எழுத்தையுமெல்லோ சேர்த்து உரஞ்சிப்போட்டாய்!"

அது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயம். ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் 'சேது'. நெடுங்காலம் மண்ணில் கிடந்த செப்பில் அரிப்புப் படலம் உருவாகும். அதை அழுக்கென்று எண்ணுகிறோம். ஆனால் உலோகம் தின்னப்பட்ட காசில் எழுத்தின் வடிவத்தைத் தாங்கி நிற்பது பலவேளை அந்தப் படலமே.

அந்த எழுத்தின் பெறுமதி பணத்தால் மட்டும் அளக்கக்கூடியதன்று. இக்காசுகள் முன்னர் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையன எனக் கருதப்பட்டன. கொட்டகமக் கல்வெட்டிலும் அதே 'சேது' காணப்படுவது, அவை யாழ்ப்பாண மன்னருடையன என்னும் வாதத்திற்கு வலுவூட்டியது. சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும் இதனை நிறுவ முயன்றவர்கள். எழுதப்பட்ட சான்றுகள் அருகிய ஓர் அரசுக்கு, விரல்நகமளவுச் செம்பில் பொறித்த ஈரெழுத்து ஓர் ஆவணம்.

என்னுடைய காசில் நந்தியின் திமில் மட்டும் இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.