கொழும்புத் தமிழர் வீடுகளில் பிறந்த குழந்தைப் பராமரிப்பு

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற கொழும்புப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களில், பிறந்த பிள்ளையை அம்மம்மாவின் பத்திய முறையும் அரசின் தாய்-சேய் நலச் சேவையும் சேர்ந்தே வளர்க்கின்றன. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பிணக்கெல்லாம் பிள்ளையின் வாய்க்குள் எதை வைப்பது என்பதில்தான்.

நகரின் பழைய மகப்பேற்று மனையான டி சொய்சா வைத்தியசாலை 1879இல் திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை மருத்துவிச்சியை வீட்டு வாசலுக்கே அனுப்பியது. மலேரியா சூறையாடிய 1935இல் இலங்கையில் பிறந்த 1,000 குழந்தைகளுக்கு 263 என்ற கணக்கில் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அது 10க்கும் கீழ்.

பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதலில் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பால் கரண்டிக் கணக்கில்தான் வரும். அதைப் பார்த்து, "பால் இன்னும் இறங்கேல்லை" என்று வீட்டில் ஒரு குரல் எழும். சூப்பிப் போத்தல் உள்ளே வருவது பெரும்பாலும் அந்தக் குரலின் பின்னால்தான். உண்மையில் முதல் நாட்களில் பிள்ளைக்கு அவ்வளவே போதும். பிள்ளை பிடிக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும்: வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, நாடி மார்பில் முட்ட வேண்டும். காம்பை மட்டும் சூப்பினால் தாய்க்குப் புண், பிள்ளைக்குப் பசி. நாளுக்கு 8 முதல் 12 தடவை கொடுக்கலாம். முதல் கிழமையில் நிறை கொஞ்சம் குறைந்து, இரண்டு கிழமைக்குள் மீளும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால், பால் போதுகிறது என்று நம்பலாம்.

குழந்தைப் பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் கோவையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் கொண்டுவந்தது. இலங்கை 1983இலேயே தனக்கொன்றை வகுத்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தன. பல பணக்கார நாடுகள் எட்டாத அளவு இது.

கடற்கரை நகரின் புழுக்கத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் பருக்க மனம் உந்தும். தாய்ப்பாலிலேயே ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர் என்பதால், ஆறு மாதம்வரை அது தேவையில்லை. கோரோசனை, வசம்பு, கிரைப் வாட்டர் ஆகியவையும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை ஆபத்து; அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் தசைகளை முடக்கும் நஞ்சைப் பிள்ளையின் குடலில் உண்டாக்கும்.

தாயின் பத்தியம் வேறு கதை. மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள் இடித்த சரக்குத்தூளும் உள்ளியும் போட்ட கறி, முருங்கையிலை, பால்சுறா வறை எல்லாம் நல்ல சாப்பாடுதான். பால் பெருக்குவது மீனா, அடிக்கடி பிள்ளை குடிப்பதா என்று கேட்டால், பிள்ளை குடிப்பதே. மரக்கறியையும் பழத்தையும் தண்ணீரையும் "குளிர்" என்று ஒதுக்குவது மட்டும் வீண் பட்டினி.

முதல் குளிப்பாட்டலை 24 மணித்தியாலம் கழித்து வைக்கலாம். தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ பூசாமல் உலரவிட்டால், ஒன்றிரண்டு கிழமையில் தானே விழும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துத் தலைமுடி இறக்கும் வீடுகளில், சுத்தமான புதிய பிளேட் வேண்டும்.

பால் குடிக்க மறுத்தல், காய்ச்சல், உடல் சில்லிடல், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, முதல் நாளிலேயே தோன்றும் செங்கமாரி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பொரளையிலுள்ள ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இரவிலும் திறந்திருக்கும்.

காசநோய்க்கான பிசிஜி ஊசி வைத்தியசாலையிலேயே போடப்படும். அடுத்தது இரண்டாம் மாதத்தில். அதற்கிடையில் மருத்துவிச்சி வீட்டுக்கு வந்து நிறை, தொப்புள், பாலூட்டல் எல்லாம் பார்ப்பார். முதல் பத்து நாட்களிலேயே இரண்டு வருகைகள் உண்டு. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருந்து வந்து, உறவினரின் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தங்கித் தனியார் வைத்தியசாலையில் பெறும் தாய்மார் அந்தப் பகுதியின் பதிவேட்டில் இல்லாமல் போகலாம். பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பிறப்புப் பதிவு இதில் சேராது. அதைப் பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம் 42 நாட்களுக்குள் தனியே செய்ய வேண்டும்.