யாரைச் சீரமைப்பது?

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், வழியில் ஒரு மாதிரியான பெயர்ப்பலகை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அரசு கள்ளர் தொடக்கப்பள்ளி. அரசு கள்ளர் மேல்நிலைப்பள்ளி. ஒருமுறை என்னோடு வந்த சென்னை நண்பன் அதைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, களவுக்குன்னு தனியா பள்ளிக்கூடமா?" என்று சிரித்தான். முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் உசிலம்பட்டி வரும்வரை காது சூடாக இருந்தது.

அரசு ஆவணங்களில் இவற்றுக்குக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்று பெயர். மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து முந்நூறை ஒட்டி இருக்கின்றன. நூறு வருசமாக நடக்கின்றன. பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வளர்ந்தவை அல்ல. இன்றைய பெயரில் சொன்னால் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் நலத்தைப் பார்க்கும் துறையின் பிள்ளைகள். சீரமைப்பு என்பதற்கு அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய சொல் ரெக்லமேஷன். தரிசைத் திருத்தி விளைநிலமாக்குவதற்கும், சதுப்பைத் தூர்த்து மேடாக்குவதற்கும் சொல்கிற சொல். அதை மனிதர்கள் மேல் போட்டார்கள்.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' படித்தவர்களுக்கு இந்த நிலப்பரப்பு தெரியும். அந்த நாவல் 1910-இல் நிற்கிறது. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த பக்கம்.

1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் திருத்தி எழுதப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-இல் நாகமலைக்குப் பக்கத்திலிருக்கும் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் அதன் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். (அந்த ஊர் மலையில்தான் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. சமணத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். பிறகு படிக்கிற இடத்துக்கும் அதே பெயர் வந்தது. பள்ளி என்ற சொல் குடியிருந்த ஊரிலேயே இந்தச் சட்டமும் வந்து இறங்கியது.) கொஞ்சம் கொஞ்சமாகப் பிரமலைக் கள்ளர் நாடு முழுக்கச் சட்டம் பரவியது. ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், ரேகைச் சட்டம். ஆண்கள் பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். பதிந்தவர்கள் ராத்திரி போலீஸ் கண்பார்வையில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பெண்சாதிக்குப் பிரசவ வலி எடுத்தாலும் அதேதான்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று ஊர் நின்றது. போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள் என்று ஊர் கணக்குச் சொல்கிறது. அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். இன்றைக்கும் ஏப்ரல் 3 அன்று அங்கே மாலையோடு போகிறார்கள்.

பள்ளிக்கூடம் வந்தது இந்தத் துப்பாக்கிச் சத்தத்தை ஒட்டித்தான். அடித்து மட்டும் ஆள முடியாது என்று அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. கள்ளர் பஞ்சாயத்துகள், கூட்டுறவுச் சங்கங்கள், நிலம், தொழில், விடுதி, பள்ளி என்று 1920-களில் சீரமைப்புத் திட்டம் விரிந்தது. கள்ளர் பொதுநிதி என்று ஒன்றும் உண்டானது. பல பள்ளிகளின் நிலமும் கட்டடமும் எங்கள் தாத்தன் பூட்டன் கொடுத்தது, அந்தப் பொதுநிதியில் வாங்கியது என்று இன்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

இங்கேதான் எனக்குச் சிக்கல் தொடங்குகிறது. இப்போது கல்விச் சீர்திருத்தம் பேசுகிற எல்லோரும் சமூகப் பங்கேற்பு என்ற சொல்லை வாயில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் 1920-களின் உசிலம்பட்டி உலகத்துக்கே முன்மாதிரி. ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, ஊர்ப் பணம் இருக்கிறது, பிள்ளைகள் வந்தார்களா என்று பார்க்க ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் இருந்தது. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க மட்டும் ஆள் இல்லை. பேச்சு மேலேயிருந்து கீழே வந்தது. பணமும் கீழ்ப்படிதலும் கீழேயிருந்து மேலே போனது. அதைப் பங்கேற்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் வேடிக்கை பாருங்கள், அந்த மக்கள் பள்ளியை எடுத்துக்கொண்டார்கள். சீரமைக்கிறவனின் நோக்கத்தை விட்டுவிட்டுக் கரும்பலகையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ரேகைச் சட்டத்துக்கு எதிராக மதுரையில் வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். முத்துராமலிங்கத் தேவரும் ஜீவானந்தமும் மேடை மேடையாகப் பேசினார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. போலீஸ் பதிவேடு போனது, வாத்தியாரின் வருகைப் பதிவேடு நின்றது. பிறகு அந்தப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களும் போலீஸ்காரர்களும் வக்கீல்களும் வந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் கேட்காமல் திட்டம் போடும் பழக்கம் போய்விடவில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் திட்டம் நினைவிருக்கும். பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். சொந்தக் கட்சியையே சரியாகக் கலக்காமல் அறிவித்தது அது. சட்டம் ஒழிந்து ஆறே வருசம் ஆன உசிலம்பட்டியில் ஒரு பையன் மத்தியானம் வீட்டுக்குப் போய் எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வான்? போலீஸ் எழுதிவைத்த தொழிலையா? அடுத்த வருசம் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

காமராஜர் காலத்தில் அதே 'சீரமைப்பு' என்ற சொல் வேறு முகத்தோடு திரும்பி வந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். கவனியுங்கள், இந்த முறை சீரமைக்க வேண்டியது மனிதர்களை அல்ல, பள்ளியை. முதலில் பள்ளிக்கு என்னென்ன குறை என்று ஒரு பட்டியல். சுண்ணாம்பு அடிக்கணும், பெஞ்சு வேணும், தண்ணிப் பானை வேணும், கடிகாரம் வேணும், ஒரு வகுப்பறை கூடுதலா வேணும். ஊர் கூடி அதில் எதை எதை ஏற்பது என்று பேசும். மாநாட்டு மேடையில் காமராஜர் உட்கார்ந்திருக்க, பொருளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் முதலில் ஊர் கொடுத்த அரிசியையும் காசையும் நம்பித்தான் ஓடியது. சுந்தரவடிவேலுவின் தன்வரலாறான 'நினைவு அலைகள்' தேடிப் படிக்கத் தகுந்தது. ஓர் அதிகாரி ஊர் ஊராகப் போய்க் கை நீட்டுவதற்கு எவ்வளவு தன்மானத்தைக் கழற்றி வைக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்த மாநாட்டின் பேரப்பிள்ளை இப்போதும் உயிரோடு இருக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டுபோகிற மாதிரி மேளதாளத்தோடு, தாம்பாளத்தில் நோட்டு, பீரோ, நாற்காலி, குடம், ஃபேன் என்று பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கல்விச் சீர் என்று பெயர். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சீர் கொண்டுபோகிற மாமனுக்கு அந்த வீட்டு விவகாரத்தில் ஒரு சொல் உண்டு. பந்தியில் சத்தம் போட உரிமை உண்டு. பள்ளிக்குச் சீர் கொடுத்தவருக்கு அது உண்டா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஊர் என்று நான் எழுதிக்கொண்டே வருகிறேனே, எந்த ஊர்? கள்ளர் நாட்டின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 1996 முதல் பத்து வருசம் ஒழுங்காகத் தேர்தல் நடக்கவிடவில்லை. அதுவும் ஊர்க்கட்டுப்பாடுதான், அதுவும் சமூகப் பங்கேற்புதான்! 2006-இல் த. உதயச்சந்திரன் மதுரை ஆட்சியராக இருந்தபோது, திரும்பத் திரும்பப் போய்ப் பேசித்தான் தேர்தல் நடந்தது. அதே உதயச்சந்திரன் 2017-இல் பள்ளிக்கல்வித் துறைச் செயலாளராகிப் பாடத்திட்ட மாற்றத்தில் முன்நின்றார். பேசிப் பார்க்கிற வித்தையை எங்கே கற்றார் என்று நான் ஊகித்துக்கொள்வேன்.

2023 மார்ச் பட்ஜெட்டில், வெவ்வேறு துறைகளின் கீழ் இருக்கும் பள்ளிகளெல்லாம் பள்ளிக்கல்வித் துறைக்குக் கீழே வரும் என்று அறிவித்தார்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் அதில் அடக்கம். பட்ஜெட்டைப் படித்தவர் மதுரைக்காரரான பழனிவேல் தியாகராஜன். உசிலம்பட்டிப் பக்கம் எதிர்ப்புக் கிளம்பியது. எங்கள் நிலம், எங்கள் விடுதி, எங்கள் அடையாளம் என்றார்கள். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரை செய்தது.

என்னைக் கேட்டால் பெயர் போகத்தான் வேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிற இடத்தில் அந்தப் பலகை எதற்கு? ஆனாலும் அந்த எதிர்ப்பை வெறும் சாதி வெறி என்று தள்ள எனக்கு மனசில்லை. நூறு வருசத்துக்கு முன்னால் கேட்காமல் ஒரு பெயரை ஒட்டினார்கள். இப்போதும் கேட்காமலே கிழிக்கப் பார்த்தால் கோபம் வராதா?

கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. 2022-இல் தமிழ்நாட்டில் அதைப் புதிதாக அமைத்தார்கள். 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர், தலைவராக ஒரு தாய். என் மதினி அப்படி ஒரு குழுவில் உறுப்பினர். திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். ஒருநாள் அவரை பைக்கில் கொண்டுபோய் விட்டவன் நானும் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே தீர்மானங்கள் எழுதியிருந்தன. நோட்டு கைமாறிக்கொண்டு வந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். நூறு வருசத்துக்கு முன்னால் இவர்களுடைய பூட்டன் இதே மாதிரி வரிசையில் நின்று விரலை நீட்டியிருப்பான் என்று எனக்கு ஓடியது. மதினி பேனாவை வாங்கினார், போடவில்லை.

"சார், எல்லாத்தையும் நீங்களே எழுதி வச்சிட்டீங்க. அப்ப நாங்க எதுக்கு வந்தோம்?"

"இல்லம்மா, ஆப்ல ஏத்தணும், நேரமாச்சு. என்ன விசயம், சொல்லுங்க."

"பஸ்ஸு சார். நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டா அஞ்சே முக்காலுக்குத்தான் வருது. கார்த்திகை, மார்கழில பொம்பளப் பிள்ளைக கண்மாய்க்கரை இருட்டுல நடந்து வீட்டுக்கு வருதுக. அதுக்குத்தான் ரெண்டு பிள்ளைய எட்டாவதோட நிப்பாட்டிட்டாக. ஃபேன் இல்லாம போனாலும் பரவால்ல, இத எழுதுங்க."

வராந்தாவில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இன்னொரு பெண், "ஆமா சார், எங்க வீட்டுப் பிள்ளையும்தான்" என்றார். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. நோட்டைத் திரும்ப வாங்கிப் புரட்டினார். தீர்மானங்களுக்குக் கீழே இடமில்லை. கையெழுத்துகளுக்குக் கீழே நாலு வரி காலியாக இருந்தது. அங்கே எழுதினார். அதற்குக் கீழே எல்லோரும் மறுபடி ஒருமுறை கையெழுத்துப் போட்டார்கள்.

பஸ் நேரம் இன்னும் மாறவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மதினி அந்தப் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.