மணிமாலையும் தாயின் காத்திருப்பும்

முதல் உலகப் போரில் பிரிட்டனிடம் சிறைப்பட்ட உஸ்மானியப் படைவீரர்கள் எகிப்து, சைப்ரஸ், பர்மா முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தனர். அன்றைய சென்னை மாகாணத்துப் பெல்லாரியிலும் ஒரு முகாம் இருந்தது.

பொழுதைக் கழிக்கவும் சிறிது பணம் ஈட்டவும் அவர்கள் கண்ணாடி மணிகளை நூலில் கோத்துப் பாம்பு, பல்லி, கழுத்துமாலை, பணப்பை எனப் பின்னினர். பலவற்றில் 'துருக்கியக் கைதி' என்ற ஆங்கிலச் சொற்களும் 1917, 1918 போன்ற ஆண்டுகளும் மணிகளாலேயே பொறிக்கப்பட்டுள்ளன. எதிர்த்தரப்பு வீரர்கள் அவற்றைப் போர் நினைவாக வாங்கித் தத்தம் ஊருக்குக் கொண்டு சென்றனர். சில இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன.

மகன் கைப்படச் செய்த பொருள் எங்கோ ஒரு வீட்டை அலங்கரிக்க, அவனைப் பெற்ற தாய் அவனுடைய கடிதத்துக்காகக் காத்திருந்தார். 1918 அக்டோபர் 30-இல் போர்நிறுத்தம் கையெழுத்தான பின்னரும் பலர் 1920 வரை வீடு திரும்பவில்லை.

மகன் மவுத்தாகிவிட்டால் தாய் அவனுக்காக மஃபிரத் கேட்பார், உடனிருந்தால் உச்சிமுகர்வார். சிறைப்பட்டவனின் தாய்க்கு இவ்விரண்டும் வாய்ப்பதில்லை. மகனைப் பிரிந்து அழுது பார்வையிழந்த யஅகூப் நபி (அலை) அவர்களுக்கு, யூசுஃப் நபி (அலை) அவர்களின் சட்டையேனும் வந்து சேர்ந்தது. அந்த மணிவேலைகளில் எத்தனையோ அந்நியர் இல்லங்களுக்கே சென்றன.

ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளிப்போரைத் திருக்குர்ஆன் (76:8) போற்றுகிறது. நம் துஆவில் சிறைப்பட்டோரை நினைக்கும்போது, அவர்களைப் பெற்ற தாய்மாரையும் சேர்த்தே நினைப்போம்.